பாறையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு பாதை... நடக்க ரெடியா?

ஸ்பெயின் டூர் பிளான் பண்றீங்களா? மலாகா மாகாணத்தின் 'கமினிட்டோ டெல் ரே'வுக்கு ஒருநாள் ஒதுக்குங்க.

குவாதலோர்சே ஆற்றுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையை ஒட்டிச் செல்லும் பலகைப் பாதை இது. நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காக 1905-ல் கட்டி முடிக்கப்பட்டது. 1921-ல் மன்னர் 13-ம் அல்ஃபோன்சோ வந்ததால், 'மன்னரின் சிறுபாதை' எனப் பெயர். பின்னர் சிதிலமடைந்த பாதையில் சிலர் விழுந்து இறக்க, மூடிட்டாங்க. 2015-ல் புதுப்பித்துத் திறந்தாங்க.

* ஆன்லைனில் முன்பதிவு பண்ணிடுங்க. கைடுடன் செல்லவும் டிக்கெட் உண்டு.
* 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியில்லை.
* ஒருவழிப் பாதை. மூன்று, நான்கு மணி நேரமாகும்.
* ஹெல்மெட் கட்டாயம்; வெயில் அடிச்சாலும் கழட்டாதீங்க.

செல்ஃபியா? நின்னு எடுங்க. காலுக்குக் கீழே உடைந்து தொங்கும் பழைய பாதை, ஏன்னு சொல்லும்!