எஸ்வாட்டினியின் அண்டைப் பராமரிப்பு மையங்கள்

பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் வறுமையில் வாடும் குழந்தைகளுக்கும் ஊர்ப் பெண்களே சமைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் இவை. 2018 வரை சுவாசிலாந்து எனப்பட்ட எஸ்வாட்டினி, ஏறத்தாழ 12 லட்சம் மக்கள் வாழும், ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடு. வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடும் இதுதான். ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குத் தொற்று உண்டு. 1990 வாக்கில் 60ஐ ஒட்டியிருந்த சராசரி ஆயுள், 2000களின் நடுவில் 45க்கும் கீழே சரிந்தது. பிள்ளை வளர்க்கும் வயதினரே மிகுதியாக மாண்டனர். பேரப்பிள்ளைகள் பாட்டிகளின் பொறுப்பாயினர். சில வீடுகளில் மூத்த பிள்ளையே குடும்பத்தை நடத்த நேர்ந்தது.

2000களின் தொடக்கத்தில் யுனிசெஃப் துணையுடன் ஊர்தோறும் மையங்கள் எழுந்தன. பல இடங்களில் மரத்தடியே மையம். மூன்று கால் இரும்புப் பானையில், விறகடுப்பில், மக்காச்சோளக் களியும் பீன்ஸும் வேகும். பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவார்கள். பள்ளி செல்லாத சிறுசுகளுக்குப் பாட்டும் எழுத்தும் உண்டு. தானியத்தில் பெரும்பங்கை உலக உணவுத் திட்டம் வழங்கிவந்தது.

இதற்கு உள்ளூர் வேரும் உண்டு. ஊர்த்தலைவரின் வயலில் எல்லோரும் உழைத்து, விளைச்சலை ஆதரவற்றோருக்கு ஒதுக்கும் 'இண்ட்லுன்குலு' மரபை அரசு மீண்டும் உயிர்ப்பித்தது. பிள்ளைகள் மீதான வன்கொடுமைகளைக் கேட்டறிந்து உதவ, 'லிக்லோம்பே லெகுகலேலா' என்னும் ஊர்த் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். 'சாய்ந்து அழ ஒரு தோள்' என்பது அப்பெயரின் பொருள்.

பிள்ளை சொந்த ஊரிலேயே வளர்வதில் நில உரிமையும் அடங்கியிருக்கிறது. நாட்டுப்புற நிலத்தின் பெரும்பகுதி அரசரின் பொறுப்பில் உள்ளது. பயிரிடும் உரிமையை ஊர்த்தலைவரே தருகிறார். தொலைவிலுள்ள ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பப்படும் பிள்ளைக்கு அப்பாவின் வயலும் வீடும் கைநழுவக்கூடும். உடன்பிறந்தோர் ஆளுக்கொரு திசையாகப் பிரிவதும் உண்டு. இந்த இரண்டு இழப்பையும் தடுப்பதே இம்மையங்களின் பெரிய பயன் எனலாம்.

ஆனால் சுமை முழுவதும் பெண்கள் தலையில். சமைப்பவர்களில் பலர் தாங்களே ஏழைகள்; பெரும்பாலும் சம்பளமும் கிடையாது. உணவு வரத்து தாமதித்தால் அடுப்பு எரியாது. 2016இல் வறட்சிக்காக நாட்டில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது ஊர் வயல்களும் கைகொடுக்கவில்லை. மையங்கள் நிலைக்க வேண்டுமானால், சமைக்கும் பெண்களுக்கு ஊதியமும், அரசின் பட்ஜெட்டில் தானியத்துக்கு நிலையான ஒதுக்கீடும் வேண்டும்.