பால் டின்னும் ஈயக்குட்டையும்

கோலா சிலாங்கூர் வட்டார வரலாறு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது தென்னமரம் தோட்டம். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917இல் அங்கேதான் போட்டார் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே. ரப்பர், செம்பனை என்று மண்ணுக்கு மேலே இருந்ததைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அதே பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், மண்ணுக்குக் கீழே இருந்தது ஈயம். அது சரிந்த கதையின் ஒரு பகுதி இடைநிலைப்பள்ளி வேதியியல் பாடத்தில் இருக்கிறது.

மின்பகுப்புப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? காரீய புரோமைடுத் தூளில் இரண்டு கரித்தண்டுகளை வைத்து மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரியாது. உள்ளே அயனிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதால் நகர முடியாது. தூளை உருக்கினால் விளக்கு எரியும். காரீய அயனி எதிர்முனைக்குப் போய் எலக்ட்ரானை வாங்கி உலோகமாகிறது. புரோமைடு அயனி நேர்முனையில் எலக்ட்ரானை விட்டுவிட்டுப் பழுப்பு ஆவியாகக் கிளம்புகிறது. “இது எதுக்குடா நமக்கு?” என்று பின்வரிசையில் முணுமுணுக்காதவர்கள் குறைவு.

பதில் பால் டின்னில் இருக்கிறது. டின் என்பது துருப்பிடிக்காமலிருக்க ஈயம் பூசிய இரும்புத் தகடு. நம் ஊரில் ஈயம் என்றால் வெள்ளீயம். முன்பெல்லாம் தகட்டை உருகிய ஈயத்தில் முக்கி எடுத்தார்கள். மின்பகுப்பு முறையில் ஈயம் நேர்முனை, இரும்புத் தகடு எதிர்முனை. ஈயம் அயனியாகக் கரைந்து போய்த் தகட்டில் மெல்லிசாகப் படிகிறது. பழைய முறையில் செலவானதில் பாதிகூட வேண்டாம்.

அமெரிக்காவில் 1937இலேயே இந்த முறை வந்துவிட்டது, ஆனால் அவசரம் இல்லை. 1942 ஜனவரியில் கோலாலம்பூரும் பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போயின. உலக ஈயத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்த மலாயா கைவிட்டுப் போனதும், அமெரிக்க ஆலைகள் வேகமாக மின்பகுப்புக்கு மாறின. போர் முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், ஈயக்கப்பல்கள் மறுபடி மண்ணைத் தோண்டின. ஆலைகள் மட்டும் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

அடுத்த அடி அலுமினியம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த வழி இது: அலுமினிய ஆக்சைடை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரத்தால் பிரிப்பது. அதுவும் மின்பகுப்புதான். 1960களிலிருந்து பானக் குவளைகள் ஒவ்வொன்றாக அலுமினியமாயின.

1985 அக்டோபர் 24 அன்று, ஈயத்தை வாங்கிக் குவித்து விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. லண்டன் சந்தை ஈய வியாபாரத்தை நிறுத்தியது. விலை சரிய, மலேசியாவெங்கும் சுரங்கங்கள் மூடின. மன்றத்தின் தப்புக்கணக்கும் பிரேசிலின் மலிவான ஈயமும் இதில் உண்டு. ஆனால் ஈயத்தின் தேவையை நாற்பது வருடமாக மெல்ல அரித்துவந்தது அந்த இரண்டு முனைகள்தான்.

ஈயக்கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் நம்மவர்களும் உண்டு. வேலை ஏன் போனது என்று கேட்டால் “ஈயம் விலை இறங்கிடுச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதன் காரணத்தை மலாயில் ‘எலெக்ட்ரோலிசிஸ்’ என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்தார்கள். அது தாத்தாவின் வேலையைப் பற்றிய பாடம் என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெஸ்தாரி ஜெயாவில் குட்டைகள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்து வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கரையிலும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.