இணையத்தளம் தயார்... அதற்காகச் செய்தி படிக்கப்போவது யார்?

பள்ளி மன்றத்துக்காக ஓர் இணையத்தளம் செய்தீர்கள். அல்லது அம்மாவின் வீட்டுப் பலகார வியாபாரத்துக்காக. ஆர்டர் வருகிறது, பணம் வருகிறது. "அப்பாடா, வேலை முடிஞ்சது" என்று மடிக்கணினியை மூடிவிட்டீர்கள்.

உண்மையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் எழுதாத நிரல்களைப் பற்றியது.

நான் எழுதாத நிரலா?

ஆமாம். இன்று யாரும் இணையத்தளத்தை முதல் வரியிலிருந்து தாமே எழுதுவதில்லை. வேர்ட்பிரஸ் என்றால் அதன் மேல் பத்து, இருபது பிளக்இன். ரியாக்ட் என்றால் அதற்கு வேண்டிய தொகுப்புகள், அவற்றுக்கு வேண்டிய வேறு தொகுப்புகள். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் குடும்பமே வந்து இறங்குவதுபோலத்தான்.

2016 மார்ச் 22ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். என்பிஎம் என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து, ஒரு பெயர்த் தகராறில் கோபமடைந்த நிரலாளர் தமது தொகுப்புகளை எல்லாம் நீக்கிவிட்டார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. மொத்தமே 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பதுதான் அதன் வேலை. அது மறைந்ததும் உலகெங்கும் பல நிறுவனங்களின் திட்டங்கள் பாதியில் நின்றன! சுமார் இரண்டு மணிநேரத்தில் அதை மீட்டுவிட்டார்கள். ஆனால் தங்கள் திட்டத்துக்குள் அப்படி ஒன்று இருந்ததே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

எச்சரிக்கை வந்தும் பயனில்லை

லெஃப்ட்-பேட் தொல்லையோடு போனது. இது அப்படியல்ல.

அமெரிக்காவின் எக்குவிஃபாக்ஸ், மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனம். அதன் இணையத்தளம் ஒன்று 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற இலவச மென்பொருளில் இயங்கியது. 2017 மார்ச் தொடக்கத்தில் ஸ்ட்ரட்ஸில் மோசமான ஓட்டை இருப்பது தெரியவந்தது. அதை அடைக்கும் பேட்ச் உடனே வெளியானது. மார்ச் 8ஆம் தேதி அமெரிக்க அரசாங்க அமைப்பு எச்சரிக்கை அனுப்பியது. நிறுவனமும் அதைத் தன் ஊழியர்களுக்கு அனுப்பியது.

அப்புறம் என்ன பிரச்சினை? அந்த மின்னஞ்சல் பட்டியல் பழையது. பேட்சைப் போட வேண்டியவரின் பெயர் அதில் இல்லை.

ஒரு வாரம் கழித்துச் சோதனை நடந்தது. அதிலும் அந்த ஓட்டை சிக்கவில்லை. மே மாதம் ஊடுருவிகள் உள்ளே நுழைந்தார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்கும் சாதனம் ஒன்று இருந்தது. ஆனால் அதன் சான்றிதழ் பல மாதங்களுக்கு முன்பே காலாவதியாகி, யாரும் புதுப்பிக்காமல் கிடந்தது. ஜூலை 29ஆம் தேதி அதைப் புதுப்பித்த பிறகுதான் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் கண்ணில் பட்டது. அதற்குள் சுமார் 147 மில்லியன் பேரின் விவரங்கள் போய்விட்டன. தலைமை நிர்வாகி அந்த ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார். 2019இல் ஏற்பட்ட சமரசத்தில் நிறுவனம் குறைந்தது 575 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

அங்கே தொழில்நுட்பச் செய்தி தெரியாதவர்கள் இல்லை. செய்தி சரியான நாளில் கட்டடத்துக்குள் வந்தது. சரியான மேசைக்குப் போகவில்லை.

சிரிக்காதீர்கள், எனக்கும் நடந்திருக்கிறது. பல்கலைக்கழகத்தில் ஒரு கலைநிகழ்ச்சிக்காக இணையத்தளம் செய்தோம். நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நுழைவுச்சீட்டுப் படிவம் வேலை செய்யவில்லை. அந்த பிளக்இன் நிறுத்தப்படுவதாக மூன்று மாதத்துக்கு முன்பே மின்னஞ்சல் வந்திருக்கிறது. யாருக்கு? பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்ட சீனியருக்கு.

அப்போ எல்லாத் தொழில்நுட்பச் செய்தியையும் படிக்கணுமா?

வேண்டாம். முடியவும் முடியாது. புதிய ஏஐ மாதிரி வெளியானது, எந்த நிறுவனம் எதை வாங்கியது, இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம். (செய்தித்துறையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்கிறேன், பரவாயில்லை.)

முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். உங்கள் தளத்தில் என்னென்ன ஓடுகிறது, எந்தப் பதிப்பு, யார் பொறுப்பு? கூகல் ஷீட்டில் ஒரு பக்கம் போதும். பட்டியல் இருந்தால் எந்தச் செய்தி உங்களுடையது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். 2021 டிசம்பரில் 'லாக்4ஜே' ஓட்டை வெளியானபோது பட்டியல் இல்லாதவர்கள்தான் திண்டாடினார்கள். லாக்4ஜே, ஜாவா நிரல்களில் பதிவேடு எழுதும் சிறு கருவி. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் ஒரு வரியைத் தட்டினாலே தாக்க முடிந்தது! அபாய அளவு 10க்கு 10. ஆனால் பல நிறுவனங்களால் "எங்ககிட்ட அது இருக்கா?" என்ற கேள்விக்கே உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அந்தக் கதையில் இன்னொன்றும் உண்டு. 2.15.0 பதிப்பு வந்தது. அது போதவில்லை என்று 2.16.0, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. முதல் பேட்சைப் போட்டுவிட்டு விடுமுறைக்குப் போனவர்கள் மீண்டும் வேலைக்கு ஓட வேண்டியிருந்தது.

செய்தியை எங்கிருந்து பெறலாம்? சிங்கப்பூரில் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்செர்ட், மலேசியாவில் மைசெர்ட் இரண்டும் எச்சரிக்கைகளை வெளியிடுகின்றன. நிரலை கிட்ஹப்பில் வைத்திருந்தால் டிபெண்டபாட் வசதியை இயக்கிவிடுங்கள். பட்டியலை அதுவே பார்த்துச் சொல்லும். ஓட்டை இருப்பது வேறு, அதை யாரோ ஏற்கெனவே பயன்படுத்துவது வேறு. இரண்டாவது வகை என்றால் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருங்கள்.

ஆதரவு முடியும் தேதிகளையும் நாட்காட்டியில் குறியுங்கள். பிஎச்பி 7.4க்குப் பாதுகாப்பு ஆதரவு 2022 நவம்பர் 28இல் முடிந்தது. நோட் 18க்கு 2025 ஏப்ரல் 30. இவை திடீர்ச் செய்திகள் அல்ல, முன்கூட்டியே அறிவித்தவை. தேர்வுக்காலத்தில் வந்து மோதினால் தவறு நம்முடையதுதான்.

உடனுக்குடன் புதுப்பித்தால் போதுமா?

அதிலும் ஆபத்து உண்டு. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் அதில் உதவி செய்து நம்பிக்கையைச் சம்பாதித்தார். பிறகு 2024இன் தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவை வைத்தார். மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, தோண்டிப் பார்த்து, மார்ச் 29ஆம் தேதி அம்பலப்படுத்தினார். பெரும்பாலும் சிக்கியவை புதியதை முந்திக்கொண்டு ஏற்கும் சோதனைப் பதிப்புகள். பழைய நிலையான பதிப்பில் இருந்தவர்கள் தப்பினார்கள்!

ஆகவே பாதுகாப்புப் பேட்சை உடனே போடுங்கள். புது வசதிகளுக்கான பதிப்பு சில வாரம் காத்திருக்கட்டும். எதுவானாலும் முதலில் நகல் எடுத்து, சோதனைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். திட்டம் போடும்போதே மாதத்துக்கு இரண்டு மணிநேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். "நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கலாம்" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது.

உங்கள் மன்றத்தின் செயலவை ஆண்டுதோறும் மாறுகிறதா? எச்சரிக்கை போகும் முகவரி தனியாளின் ஜிமெயிலாக இருக்கக்கூடாது. பொது முகவரி ஒன்றை வையுங்கள், குறைந்தது இருவர் அதைப் பார்க்கட்டும். இன்று இரவே இப்போதைய முகவரிக்கு ஒரு சோதனை மின்னஞ்சல் அனுப்புங்கள். யார் பதில் போடுகிறார் என்று பார்க்கலாம்.