உயிரணுவெளிப் புரதச்சிதைப்பிகளும் புற்றுநோயும்

உயிரணுவெளிப் புரதச்சிதைப்பிகள் என்பவை உயிரணுக்களுக்கு வெளியே செயற்பட்டு, அவற்றைச் சூழ்ந்துள்ள புரதங்களை வெட்டும் நொதிகள் ஆகும். துத்தநாக அயனியைக் கொண்டு இயங்கும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீனேசுகள் (சுருக்கமாக எம்.எம்.பி.) இவற்றுள் முதன்மையானவை. மனிதரில் இவை 23 வகைப்படும். பிளாஸ்மின், யூரோகைனேசு, கத்தெப்சின்கள் ஆகியனவும் இப்பணியில் பங்குகொள்கின்றன. காயம் ஆறுதல், கரு வளர்ச்சி போன்றவற்றுக்கு இவை இன்றியமையாதவை. புற்றுநோய் பரவுவதற்கும் இவையே துணைபோகின்றன.

கொலாஜனும் அதன் வெட்டும்

இந்நொதிகள் வெட்டும் புரதங்களுள் முக்கியமானது கொலாஜன். அதன் முப்புரி அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டில் முன்வைத்து, 1955இல் திருத்தினர். மூன்று இழைகள் கயிறுபோல் இறுக முறுக்கப்பட்டிருப்பதால் சாதாரணப் புரதச்சிதைப்பிகளால் இதை வெட்ட இயலாது. கொலாஜனேசு நொதியோ முறுக்கை ஓரிடத்தில் தளர்த்தி, மூலக்கூற்றை முக்கால், கால் என இரு துண்டுகளாக்குகிறது. இந்நொதியைக் குரோசும் லாப்பியரும் 1962இல் தவளைக்குஞ்சின் வாலில் கண்டறிந்தனர். வால் மறைவதற்கு இத்தகைய நொதி தேவை என்பது இயல்பே.

புற்றுநோயில் பங்கு

புறத்தோலிழையப் புற்றணுக்கள் பரவ, முதலில் அடித்தள மென்சவ்வைக் கடக்க வேண்டும். அதிலுள்ள நான்காம் வகைக் கொலாஜனை எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 ஆகியவை சிதைக்கின்றன. இந்நொதிகளைப் பெரும்பாலும் புற்றணுக்களைவிட, அவற்றைச் சூழ்ந்த நார் உயிரணுக்களும் வெள்ளையணுக்களுமே சுரக்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது. வழியமைப்பதோடு இவற்றின் வேலை முடிவதில்லை. இழையத்தில் கட்டுண்டு கிடக்கும் வளர்ச்சிக்காரணிகளை விடுவித்து, கட்டிக்குப் புதிய குருதிக்குழாய்கள் உருவாகவும் இவை தூண்டுகின்றன.

மருந்து முயற்சிகள்

நொதியைத் தடுத்தால் நோய் நிற்கும் என்ற எண்ணத்தில் 1990களில் பாட்டிமாசுட்டாட்டு, மாரிமாசுட்டாட்டு, டானோமாசுட்டாட்டு ஆகிய மருந்துகள் சோதிக்கப்பட்டன. அவை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. மாரிமாசுட்டாட்டு உண்டவர்களுக்கு மூட்டு, தசை வலி ஏற்பட்டது. டானோமாசுட்டாட்டு பெற்ற நோயாளிகள் சில சோதனைகளில் மருந்து பெறாதோரைவிட மோசமான நிலையை அடைந்ததால் 1999இல் அவை நிறுத்தப்பட்டன. நோய் முற்றியோருக்கே இவை கொடுக்கப்பட்டதும், எல்லா எம்.எம்.பி.க்களும் தீயவை எனக் கருதியதும் தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எம்.எம்.பி.-8 இல்லாத ஆண் எலிகளில் தோற்புற்றுநோய் கூடுதலாக வருவது 2003இல் காட்டப்பட்டது. அந்நொதி காப்பாளனாகவும் இருக்கலாம்.

பாக்கும் வாய்ப்புற்றுநோயும்

தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பாக்கு மெல்லுவோரிடம் வாய் திறக்க இயலாதபடி உட்சவ்வு இறுகும் நோய் காணப்படுகிறது. பாக்கிலுள்ள அரெகோலின் கொலாஜன் உற்பத்தியைத் தூண்ட, அதன் துவர்ப்புப் பொருள்கள் கொலாஜனை வெட்ட முடியாதபடி பிணைக்கின்றன. வெட்டு குறைவதனால் தொடங்கும் இந்நோய், பின்னர் சிலருக்குப் புற்றாக மாறும். அப்போது எம்.எம்.பி.க்களின் அளவு கூடுகிறது. பாக்கு மெல்லுதலைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியுள்ளது.