கம்பியும் கம்பியின்மையும்: ஒரு சிறு துளையின் வரலாறு

வானொலி என்னும் அழகிய சொல் வழக்கில் நிலைபெறுமுன், தமிழர் அத்துறைக்கு இட்டு வழங்கிய பெயர் ‘கம்பியில்லாத் தந்தி’ என்பது. இத்தொடரைச் சற்று நின்று நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். தந்தி என்னும் சொல்லின் பழம்பொருள் யாழ், வீணை முதலியவற்றின் நரம்பு, அஃதாவது கம்பி. மின்கம்பி வழியே செய்தி போகத் தொடங்கியபோது கம்பியின் பெயரே செய்திக்கும் ஆயிற்று. பின்னர்க் கம்பியின்றியே செய்தி போயிற்று. அப்போதும் மக்கள் தந்தியை விடவில்லை. ‘கம்பியில்லாக் கம்பி’ என்று பொருள்படும் ஒரு பெயரை இட்டுக் குறையொன்றும் காணாமல் வழங்கினர்.

புதியது வந்தவுடன் பழையது மறைந்தொழியும் என்று எண்ணுவார்க்கு இச்சொல் ஒரு நல்ல பாடம். இக்காலக் கைப்பேசியைப் பற்றி எழுகின்ற ஒரு வினாவுக்கும் இப்பாடம் பொருந்தும். கம்பியுள்ள இயர்போனைச் செருகும் சிறு துளை, புதுக் கைப்பேசிகள் பலவற்றில் இல்லாது போயிற்று. ‘அதனை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?’ என்பதே அவ்வினா. விடை காணுமுன் அத்துளை வந்த வழியை அறிதல் வேண்டும். அவ்வழியில் லூனாஸ் போன்ற கெடா மாநிலத்துத் தோட்டப்புறங்களுக்கும் பங்கு உண்டு.

கம்பிக்கு உறை தந்த நாடு

மின்கம்பியைக் கடலடியில் இடுவதற்கு நீர் புகாத உறை வேண்டியிருந்தது. அதனைக் கொடுத்தது மலாய்க் காடு. கெத்தா பெர்ச்சா என மலாய் மக்கள் வழங்கிய மரப்பாலின் இயல்பை, சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி 1843ஆம் ஆண்டளவில் மேனாட்டாருக்கு அறிவித்தார். வெந்நீரில் இளகி, ஆறியபின் இறுகும் அப்பால், உப்பு நீரிலும் கெடாமல் நின்றது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இட்ட கடற்கம்பிக்கு அதுவே உறை. 1870, 1871ஆம் ஆண்டுகளில் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடற்கம்பி இணைத்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் ஏற்றி வந்த கப்பல்கள் கடந்த அதே கடலின் அடியில், செய்தியும் மலாய் மரப்பால் போர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

அடுத்து வந்தது ரப்பர். மின்கம்பிகளுக்கு உறையாக ரப்பர் நெடுங்காலம் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பிளாஸ்டிக் அவ்விடத்தைப் பிடித்தது. ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றி இறுக்கினால், கருங்காலி போன்ற கரிய கெட்டிப் பொருள் கிடைக்கும். அதற்கு எபோனைட் என்று பெயர். பழைய தொலைபேசிகளின் கேட்கும் குழலும், 1920களின் ஹெட்போன்களில் காதைத் தொடும் மூடியும் அப்பொருளால் ஆனவை. 1909இல் கெடா ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தபின், கூலிம் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தமிழர் பால் மரம் வெட்டினர். எந்தத் தோட்டத்துப் பால் எந்தக் கருவியில் சேர்ந்தது என்று எவராலும் பிரித்துக் கூற இயலாது. ஆயினும், உலகத்தார் காதில் வைத்துக் கேட்ட கருவியில் மலாயாத் தமிழரின் உழைப்பும் கலந்திருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

தொலைபேசி நிலையத்தில் பிறந்த துளை

1878ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், வணிக முறையிலான முதல் தொலைபேசி நிலையம் திறக்கப்பட்டது. சென்னையும் 1882இல் தொலைபேசி நிலையம் பெற்றது. ஒருவர் மற்றொருவரோடு பேச விரும்பினால், நிலையத்தில் அமர்ந்திருப்பவர் இருவர் கம்பிகளையும் கையால் இணைக்க வேண்டும். இவ்வேலையை விரைவாகச் செய்வதற்குச் சார்லசு ஸ்கிரிப்னர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு, மடக்குக் கத்தியை ஒத்திருந்தமையால் ‘ஜேக் நைஃப்’ எனப்பட்டது என்பர். அப்பெயரின் முற்பகுதியே ‘ஜேக்’ என்று நின்றது. பலகையில் துளை, கம்பியின் நுனியில் செருகுமுனை. செருகினால் பேச்சு, பிடுங்கினால் அமைதி.

அச்செருகுமுனையின் பருமன் கால் அங்குலம், அஃதாவது 6.35 மில்லிமீட்டர். தொலைபேசி நிலையங்கள் தானியங்கி ஆனபின்பும் அவ்வளவு மாறவில்லை. இன்றும் மின் கித்தாரிலும் பாட்டு மேடைகளின் கீபோர்டிலும் செருகப்படுவது அதே பருமனுள்ள முனைதான். நூறாண்டுக்கு முன் வகுத்த அளவு, அதனை வகுத்த தொழில் மறைந்தபின்பும் வாழ்வது எண்ணத்தக்கது. எவர் செய்த கருவியிலும் எவர் செய்த முனையும் பொருந்தும் என்னும் பொதுமையே அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

காதும் வானொலியும்

வானொலியின் தொடக்க நாளில், வானொலி கேட்பது என்றாலே காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்வது என்றே பொருள். படிக வானொலி எனப்பட்ட எளிய கருவிக்கு மின்கலம் வேண்டியதில்லை; வானில் வரும் அலையின் ஆற்றலே அதனை இயக்கியது. அவ்வாற்றல் மிகச் சிறிது. காதருகே ஒலிக்குமேயன்றி அறையை நிரப்பாது. ஹெட்போனைக் கிண்ணத்துக்குள் வைத்து, அதன் எதிரொலியைச் சுற்றியமர்ந்து கேட்கும் பழக்கமும் அந்நாளில் இருந்தது. தமிழர் நாட்டில் இக்கலைக்கு வழிகாட்டியது கிருஷ்ணசாமி செட்டியார் 1924இல் தோற்றுவித்த சென்னை மாகாண வானொலிக் கழகம். 1925இல் கொழும்பு வானொலி எழுந்தது. மலாயா வானொலி 1946இல் பிறந்தது.

காற்றில் ஒலி வந்தபின் கம்பி ஓய்ந்ததா எனில், இல்லை. 1949இல் சிங்கப்பூரில் ரெடிபியூஷன் என்னும் நிறுவனம், கம்பி வழியே வீடுதோறும் ஒலிபரப்பைக் கொண்டுசென்றது. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர், மாதக் கட்டணம் செலுத்தி ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியில் கேட்டனர். 2012 வரை அந்நிறுவனம் இயங்கியது. கம்பியில்லா வானொலி வந்த பின்னரும், எளியோருக்குக் கம்பியே கைகொடுத்தது.

சிறுத்த முனையும் இரட்டைச் செவியும்

1954இல் சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. கருவி சிறுத்ததால் முனையும் சிறுத்தது; 3.5 மில்லிமீட்டர் அளவு வழக்குக்கு வந்தது. பின்னர் ஸ்டீரியோ முறை பரவியது. இளையராஜா இசையில் 1978இல் வெளிவந்த ‘பிரியா’ படப் பாடல்கள், தமிழில் அம்முறையில் முதலில் பதிவானவையாகக் குறிப்பிடப்படுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காட்சிகள் எடுக்கப்பட்ட படம் அது. ஸ்டீரியோ முனையில் மூன்று பகுதிகள் உண்டு: நுனி இடச் செவிக்கு, நடு வளையம் வலச் செவிக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. நான்காவதாக ஒரு வளையம் சேர்ந்தபோது, பேசுவதற்கான ஒலிவாங்கியும் அதே முனையில் அடங்கியது.

1979 சூலை முதல் நாள் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டது. அதன் முதற் கருவியில் துளைகள் இரண்டு இருந்தன. ஒரே பாட்டை இருவர் சேர்ந்து கேட்கலாம் என்பது நோக்கம்.

துளை மூடப்பட்ட ஆண்டு

2016 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 7ஐ அறிவித்தபோது அத்துளையை நீக்கியது. அதற்குமுன் வேறு சில நிறுவனங்களும் நீக்கியதுண்டு. உலகம் பேசியது இதனைத்தான். கருவியின் உள்ளே இடம் போதவில்லை என்றனர்; காரணங்களுக்கு மேலாகத் ‘துணிவு’ என்னும் சொல்லையும் மேடையில் கூறினர். அவ்வாண்டிலேயே தன் கருவியில் துளை உண்டென்று குத்திக்காட்டிய சாம்சங், 2019இல் தன் நோட் 10 கருவியில் அதனை விட்டுவிட்டது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஒருவரின் பட்டப்பெயரைத் தாங்கிய புளூடூத், கம்பியின் வேலையை ஏற்றது.

புளூடூத்தில் நன்மை இல்லாமற் போகவில்லை. கை வேலையில் இருப்பவருக்குக் கம்பி இடையூறு. அது சிக்கும், அறும். ஆயினும் கம்பியில்லாத காதுக்கருவிக்குள் சிறு மின்கலம் உண்டு. அதற்கு நாள்தோறும் மின்னூட்ட வேண்டும். சில ஆண்டுகளில் அது தளர்ந்துவிடும். பெரும்பாலும் மாற்ற இயலாதாகையால் கருவியையே எறிய வேண்டும்.

லூனாஸிலிருந்து பார்த்தால்

லூனாஸ் வட்டாரத்தில் ரப்பர் இருந்த நிலங்களில் பெரும்பகுதி எண்ணெய்ப்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறிவிட்டது. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், உலக நிறுவனங்கள் மின்னணுச் சில்லுகளைச் செய்கின்றன. கம்பிக்கு உறை தந்த மண்ணே இன்று கம்பியில்லாக் கருவிகளின் உலகுக்கும் உழைக்கிறது. ஆகவே, கம்பி வேண்டுமா வேண்டாவா என்று கேட்கும்போது, இவ்வூராரின் நிலையையும் எண்ணிப் பார்ப்பதே முறை.

முதலாவது, விலை. கம்பியுள்ள இயர்போன் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கம்பியில்லாதது அதனினும் பன்மடங்கு. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. ஒரே கூடத்தில் பிள்ளைகள் இருவர் மூவர் வெவ்வேறு பாடம் கேட்க நேரும் வீட்டில், ஆளுக்கோர் இயர்போன் என்பது மலிவான பொருளால் மட்டுமே இயலும்.

இரண்டாவது, வானொலி. பண்பலை வானொலி வசதியுள்ள கைப்பேசிகளில், இயர்போனின் கம்பியே அலைவாங்கி. அவ்வலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர். அதன் காற்பங்கு முக்கால் மீட்டர். மீட்டர் அளவுள்ள இயர்போன் கம்பி அப்பணிக்கு நன்கு பொருந்துகிறது. மின்னல் பண்பலையை இணையச் செலவின்றிக் கைப்பேசியில் கேட்க விரும்புவோருக்குக் கம்பி வெறும் வசதியன்று. கம்பியில்லையேல் வானொலியே இல்லை.

மூன்றாவது, பள்ளி. தமிழ்ப் பாடத்திட்டத்தில் கேட்டலும் பேச்சும் இடம்பெறும் திறன்கள். பள்ளிக் கணினிகளில் அத்துளை இன்றும் உண்டு. ஒரு பெட்டி நிறையக் கம்பி ஹெட்போன் இருந்தால், மின்னூட்டக் காத்திராமல், ஒவ்வொன்றாக இணைத்துக்கொண்டிராமல், வகுப்பு முழுவதும் ஒரே நொடியில் கேட்கத் தொடங்கலாம்.

எனவே, கம்பியுள்ள இயர்போனை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்னும் வினாவுக்கு, விலையைப் பார்த்து வாங்குவோர், வானொலியை நேசிப்போர், வகுப்பை நடத்துவோர், ஒலியைத் தொழிலாகக் கொண்டோர் எனப் பலரும் என்பதே விடை. அத்துளை விலைமிகுந்த கருவிகளில் மறைந்து, விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் இன்னும் இருக்கிறது. விலையுயர்ந்த கருவிகளிலும் சோனி 2024இல் வெளியிட்ட எக்ஸ்பீரியா அதனைக் கைவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் மின்னூட்டும் துளைக்கு ஒரே பொது அளவு வேண்டும் என்னும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லார்க்கும் பொருந்தும் அளவின் அருமையை உலகம் மீண்டும் உணர்ந்துள்ளது என்பதற்கு அஃது ஓர் அடையாளம்.

கைப்பேசி வாங்கும் பெற்றோரும், பள்ளிக்குக் கருவி தேர்ந்தெடுக்கும் ஆசிரியரும், பளபளப்பைப் பார்ப்பதற்குமுன் அதன் விளிம்பில் அத்துளை உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.