சாகாத ஆடும் மாதச் சந்தாவும்

திருவண்ணாமலை கோயிலுக்குப் போனால், தரிசனம் முடிந்த கையோடு சுவர்களையும் கொஞ்சம் பாருங்கள். கல்வெட்டுகளில் பல, விளக்கெரிக்க எழுதிவைத்த தானக் கணக்குகள்!

சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாக 96 ஆடுகள். அவற்றை ஓட்டிச் செல்லும் இடையர், தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சந்திர சூரியர் உள்ளவரை! நடுவில் ஆடு செத்துப்போனால்? ம்ஹூம், சாகவே கூடாது. அதற்குப் பெயரே 'சாவா மூவாப் பேராடு'. குட்டிகளை வளர்த்து எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையர் பாடு. கொடுத்தவர் ஒருமுறைதான் கொடுத்தார். வாங்கியவர் தினமும் கொடுத்தாக வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடும் ஆன்லைன் விளையாட்டும் ஓர் அணையா விளக்குதான். கேரம்போர்டு மாதிரி விற்றோம், மறந்தோம் என்று இருக்க முடியாது. சர்வர் இரவு பகலாக ஓட வேண்டும். நெய்க்கு யார் காசு தருவது?

'மாதாமாதம் நீங்களே!' என்றது, 1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்'. 2004-ல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வந்தது. அமெரிக்காவில் மாதம் சுமார் 15 டாலர். 2010-ல் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சம் பேர்! மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறாதா? 2011 டிசம்பரில் 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' சந்தாவோடு களமிறங்கியது. ஒரு வருஷம்கூட முழுசாகத் தாங்கவில்லை. 2012 நவம்பரிலேயே, 'இலவசமாகவும் ஆடலாம், வாங்க' என்று கதவைத் திறந்துவிட்டது. 2015-ல் வார்கிராஃப்ட்டே 55 லட்சத்துக்கு இறங்கியது.

காரணம் எளிது. ஒரு மனுஷனுக்கு எத்தனை சாயங்காலம் இருக்கிறது? ஒரு விளையாட்டுக்கே நேரம் போதாதபோது இரண்டாவது சந்தா எதற்கு? கூட ஆடிய நண்பன் கிளம்பினால் இவனும் கிளம்பிவிடுவான்.

பிறகு வென்றது கிரிவல முறை. 14 கிலோமீட்டர் சுற்ற டிக்கெட் கிடையாது. ஆனால் இளநீர், கற்பூரம், சுண்டல் என்று வழியெல்லாம் வியாபாரம். 2018-ல் வந்த பப்ஜி மொபைல் நம் பையன்களை வளைத்ததும் இப்படித்தான். நுழைவு இலவசம், கலர் சட்டைக்குக் காசு!

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. சந்தா முறையில் பணக்காரப் பையனும் மற்றவனும் கட்டுவது ஒரே தொகை. இலவசத்திலோ, சில விளையாட்டுகள் பலமான வாளையே விற்கின்றன. காசுள்ளவன் ஜெயிப்பான்!

அப்படியானால் சந்தா செத்துவிட்டதா? இல்லை. வார்கிராஃப்ட் 2024-லும் அதே 15 டாலரை வாங்கிக்கொண்டிருந்தது. புதுப்புது இடங்கள், புதுப்புது எதிரிகள் என்று நெய் அளந்துகொண்டே இருந்ததால்! அப்படி அளக்க முடிந்த சிலருக்குச் சந்தா நீடிக்கும், மற்றவர்களுக்குக் கஷ்டம்தான்.

உங்கள் பிள்ளை சந்தாவுக்குப் பணம் கேட்டால் உடனே திட்டாதீர்கள். 'போன மாசம் புதுசா என்னடா கொடுத்தான்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், ஆடு எப்போதோ செத்துவிட்டது என்று அர்த்தம்.