காந்த ஊசி கண்ட எல்லை

ராஃபிள்ஸ் கால் பதித்து இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 1841-இல் சிங்கப்பூர் ஓர் இளந்துறைமுகம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில் தமிழரின் வருகைக்குச் சான்றாக நின்றது. சிராங்கூன் சாலையை அடுத்து, தேக்கா என்றும் லிட்டில் இந்தியா என்றும் இன்று வழங்கும் வட்டாரத்தின் அருகே, குதிரைப் பந்தயத் திடல் அமைந்து 1843-இல் முதற்பந்தயம் நடந்தது. வெள்ளையர் குதிரையோட்டம் காணத் திரண்ட அதே ஆண்டுகளில், அதே நகரில், காந்த ஊசி ஒன்றின் நுண்ணிய அசைவை இரவு பகலாகக் குறித்து வந்தது ஒரு சிறு நிலையம்.

அதனை நடத்தியவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ல்ஸ் மார்கன் எலியட். பூமியின் காந்தத்தை உலகெங்கும் ஒரே வேளையில் அளக்க வேண்டும் என்று எட்வர்டு சபீன் முதலிய அறிஞர் பிரிட்டனில் எழுப்பிய முழக்கத்தின் பயனாக, கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா, சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களில் இப்பணியை மேற்கொண்டது. மெல்லிய இழையில் தொங்கும் காந்தத் தண்டில் ஆடி பொருத்தி, எட்ட இருந்து தொலைநோக்கி வழியே அளவு பார்ப்பர். மாதந்தோறும் குறித்த ஒரு நாளில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். அதுவும் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரக் கடிகாரப்படி! அங்கே நண்பகல் ஆகும்போது சிங்கப்பூரில் மாலை ஆறேகால்.

இத்தகைய முறையின் அருமை 1841 செப்டம்பர் 25-ஆம் நாள் வெளிப்பட்டது. கனடாவின் டொராண்டோவிலும், ஆப்பிரிக்கத் தென்கோடியிலும், பிராகிலும் காந்த ஊசிகள் நிலைகொள்ளாது ஆடின. டாஸ்மானியாவின் ஹோபர்ட்டில் அப்போது ஞாயிற்றுக்கிழமை பிறந்துவிட்டதால், ஓய்வுநாள் விதிக்குக் கட்டுப்பட்டுப் பணியை நிறுத்திவிட்டனர். விண்ணில் எழும் புயல் கிழமை பார்ப்பதில்லை என்பதை யார் அவர்களுக்கு எடுத்துரைப்பது? எனினும், இக்கொந்தளிப்பு ஊருக்கு ஊர் வேறானதன்று, உலகனைத்தையும் ஒருங்கே பற்றுவது என்பது உறுதியாயிற்று. கதிரவனின் கரும்புள்ளிகள் ஏறி இறங்கும் சுழற்சியோடு இவையும் பெருகிக் குறைகின்றன என்று சபீன் 1852-இல் அறிவித்தார்.

ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதற்கு விடை காண மேலும் நூறாண்டு ஆயிற்று. கதிரவனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்களின் வெள்ளம், அதாவது பிளாஸ்மா, ஓயாது வீசிக்கொண்டிருக்கிறது. அமைதியான நாளிலும் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பூமியின் காந்தப்புலத்தை எதிர்கொண்டதும் அத்துகள்களுள் நேர்மின்னேற்றம் உடையவை ஒருபுறமும் எதிர்மின்னேற்றம் உடையவை மறுபுறமும் வளைகின்றன. அதனால் எல்லையில் ஒரு மின்னோட்டப் படலம் உண்டாகிறது. அப்படலம் தனக்கு வெளியே பூமியின் காந்தத்தை அழித்து, உள்ளே அதற்கு வலுவூட்டுகிறது. ஆற்று வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் பாலத்தூண் போல், இந்தக் காந்தக்கோளம் கதிரவக் காற்றைப் பிளந்து இருபுறமும் ஒதுக்குகிறது. காற்றும் காந்தமும் சமநிலை கொள்ளும் அவ்வெல்லை, கதிரவனை நோக்கிய பக்கத்தில் பூமியின் நடுவிலிருந்து சுமார் 64,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். சாப்மன், ஃபெராரோ ஆகிய இருவரும் 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணக்கால் கண்ட இவ்வெல்லையை, 1961-இல் ஏவப்பட்ட எக்ஸ்ப்ளோரர் 12 செயற்கைக்கோள் நேரிலேயே கடந்து அளந்தது.

காற்று திடீரென வலுத்தால் எல்லை உள்ளே அழுந்தும். படலத்தின் மின்னோட்டம் ஓங்கும். சில நிமிடங்களுக்குள் பூமியின் கிடைத்திசைக் காந்தவிசை குதித்தெழும். காற்றோடு வரும் காந்தம் தெற்கு நோக்கியிருந்தாலோ, எல்லையில் இரு காந்தங்களும் பிணைந்து வாயில் திறக்கும். அவ்வழியே புகும் ஆற்றலால் பூமியைச் சுற்றி மின்னோட்ட வளையம் வலுத்து, அவ்விசை மணிக்கணக்கில் தாழ்ந்து கிடக்கும். துருவப் பகுதிகளின் ஆரவாரம் எட்டாத வெப்பமண்டல ஊர்களில்தான் இந்த ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரியும். சிங்கப்பூர் அத்தகைய ஊர்.

ஆயினும் 1845-ஆம் ஆண்டோடு எலியட்டின் நிலையப்பணி நின்றது. அவர் 1846 முதல் 1849 வரை ஜாவா, சுமத்ரா, போர்னியோத் தீவுகளை அளந்து திரிந்தார். சிங்கப்பூர் நிலையத்தின் வானிலை அளவுகள் 1850-இல் சென்னையில் அச்சாயின. கம்பெனிக்கு இது சிக்கனமாகப் பட்டிருக்கலாம். பம்பாயின் கொலாபா நிலையமோ அளவெடுத்துக்கொண்டே இருந்தது. ஆகவே 1859 செப்டம்பர் முதல் நாள் காரிங்டன் கதிரவனில் கண்ட பேரொளிவீச்சைத் தொடர்ந்து, பதினெட்டு மணி நேரத்திற்குள் பூமியைத் தாக்கிய பெரும்புயலை அது பதிவு செய்தது. காந்தவிசை 1,600 நானோடெஸ்லா அளவு சரிந்ததை அந்த ஏடுகளிலிருந்து அறிஞர் 2003-இல் எடுத்துக்காட்டினர். சிங்கப்பூரில் அப்போது எலியட்டின் ஊசி இல்லை.

1909 செப்டம்பர் 25-இல் மற்றொரு பெரும்புயல் எழுந்தது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாக 1871-இல் வந்த கடலடித் தந்திக்கம்பியால் உலகோடு பிணைந்திருந்த சிங்கப்பூரில், அன்று துருவ ஒளி தெரிந்ததாக ஒரு செய்தி பரவி, நூல்களிலும் இடம்பெற்றது. நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைகூட எட்டாத ஊரில் துருவ ஒளி! பிற்கால ஆய்வாளர் இதனை ஐயுற்றனர்; தந்திக்கம்பிகளில் நேர்ந்த கோளாறே ஒளியெனத் திரிந்து பரவியிருக்கக்கூடும் என்பது அவர்தம் கருத்து. எலியட்டின் நிலையம் ஓயாது இயங்கியிருப்பின், அந்நாளில் இவ்வூர் வானின்கீழ் காந்தம் எவ்வளவு அசைந்தது என்பதையேனும் அதன் ஏடு சொல்லியிருக்கும்.

2024 மே 10, 11 நாட்களில் எழுந்த புயலில், காந்தக்கோளத்தின் எல்லை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்தித்தொடர்புக் கோள்களின் பாதைக்கும் உள்ளே அழுந்தியது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அக்காற்றை அளந்துகொண்டிருந்தது. அமைதியான காற்று அங்கிருந்து இங்கு வந்துசேர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். புயற்காற்றுக்கு அதனினும் குறைவு.